அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்!

ஹாஸ்டல்வாசிகளே, ஒரே ஒரு கேள்வி. வீட்டிலிருந்து போன் வந்தால் நீங்கள் அதிகமாகச் சொல்லும் வசனம் எது?

‘நல்லாத்தான் இருக்கேன்மா!’

காய்ச்சல் 102 டிகிரி அடித்தாலும் இதே வசனம்தான். நாலு பேப்பரில் அரியர் விழுந்தாலும் இதே வசனம்தான். அந்தப் பக்கம் அம்மா அதை நம்பினாங்களா என்பது வேறு விஷயம்!

ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னால் ஒரு மகன் இதே வசனத்தைத் தன் அம்மாவுக்கு எழுதினார். ஒரு வரியில் முடிக்கவில்லை. 20 அத்தியாயம் எழுதினார்! அவர் இருந்தது கடல் நடுவே ஒரு தீவில். ராஜ தண்டனை. அந்தத் தண்டனைக்குச் சில நாள் முன்புதான் அவருடைய சின்னப் பையன் பாட்டியின் கையிலேயே உயிரை விட்டிருந்தான். எழுதியவர் பெயர் செனெகா. அம்மா பெயர் ஹெல்வியா. அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது.

நான் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். லத்தீனில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. மொழிபெயர்ப்பில்தான் இதைப் படித்தேன். இன்று ரீல்ஸைத் தட்டினால் ‘ஸ்டோயிக்’ என்ற பெயரில் கல் மனசு கோச்சிங் கிளாஸ் எடுக்கிறார்கள். எதற்கும் அழாதே, யாரையும் தேடாதே, சிங்கம் மாதிரி தனியா நட... ஆனால், அந்தத் தத்துவத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர் துக்கத்தில் இருந்த தன் அம்மாவுக்கு எழுதியபோது இப்படி ஒரு வரிகூட எழுதவில்லை. பின்னே என்னதான் எழுதினார்? வாங்க, பார்க்கலாம்.

அடி மேல் அடி

செனெகா பிறந்தது இன்றைய ஸ்பெயினில் இருக்கும் கோர்தோபா நகரில். அப்பா பேச்சுக்கலை பற்றி எழுதிப் பேர் வாங்கியவர். வீட்டில் மூன்று பையன்கள். நம்ம ஆள் நடுப்பிள்ளை. ரோமில் வளர்ந்து, படித்து, செனட் சபைக்குள் நுழைந்து, மேடைப் பேச்சில் பிரபலமாகி... வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கி.பி. 41 ஜனவரியில் சக்கரவர்த்தி கலிகுலா கொல்லப்பட, அவருடைய சித்தப்பா கிளாடியஸ் அரியணை ஏறினார். அதே வருஷம் செனெகா மீது ஒரு குற்றச்சாட்டு விழுந்தது. கலிகுலாவின் தங்கை ஜூலியா லிவில்லாவோடு கள்ளத்தொடர்பு! இதைக் கிளப்பிவிட்டவர் கிளாடியஸின் மனைவி மெஸ்ஸலினா என்றும், லிவில்லா மீது இருந்த பொறாமைதான் காரணம் என்றும் எழுதுகிறார் காசியஸ் டியோ என்ற வரலாற்று ஆசிரியர். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், சக்கரவர்த்தி உயிரை மட்டும் விட்டுவைத்து கோர்சிகா தீவுக்கு அனுப்பினார். அப்போது செனெகாவுக்கு நாற்பது வயதுக்கு மேல்.

இப்போது ஹெல்வியா பக்கம் வாங்க. இந்த அம்மா பிறந்தபோதே அவருடைய அம்மா பிரசவத்தில் இறந்துவிட்டார். வளர்த்தது மாற்றாந்தாய். வயது வந்த பிறகு, பாசமான மாமா ஒருவர் ஊருக்கு வருகிறார் என்று வழி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய சாவுச் செய்தி வந்தது. அந்த மாதமே கணவர் போனார். அந்த நேரத்தில் மூன்று பையன்களில் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. அப்புறம் பேரக்குழந்தைகள், ஒன்றல்ல, மூன்று சாவு. செனெகாவின் மகனை அடக்கம் செய்து இருபது நாள்கூட ஆகவில்லை. மகனைத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்து சேர்ந்தது. இதில் இன்னொரு கொடுமை. அதற்கு ஓரிரு நாள் முன்னால்தான் அவர் மகனைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிப் போயிருந்தார்!

இவ்வளவையும் நமக்குச் சொல்வது யார் தெரியுமா? செனெகாவேதான். கடிதத்தின் ஆரம்பத்திலேயே அம்மாவின் துக்கங்களை ஒன்று விடாமல் பட்டியல் போடுகிறார். ‘பழசையெல்லாம் கிளறாதப்பா’ என்று நாம் சொல்வோமே, அதற்கு நேர் எதிர். ஏன் அப்படிச் செய்தார் என்று அவரே விளக்கமும் தருகிறார். இத்தனை அடி வாங்கியும் நின்றவர் நீங்கள், இந்த அடியில் விழ மாட்டீர்கள் என்று காட்டத்தான்.

திண்ணையில் பிறந்த தத்துவம்

இந்த இடத்தில் ஸ்டோயிக் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கி.மு. 300-ஐ ஒட்டி, சைப்ரஸ் தீவிலிருந்து வந்த ஜீனோ என்பவர் ஏதென்ஸ் நகரில் பாடம் சொல்ல ஆரம்பித்தார். கட்டடம் கிடையாது, ஃபீஸ் கவுன்ட்டர் கிடையாது. ஓவியங்கள் வரைந்த ஒரு தூண் மண்டபம். கிரேக்கத்தில் அதற்கு ‘ஸ்டோவா’ என்று பெயர். அங்கே கூடியவர்கள் ஸ்டோயிக்குகள். நம்ம பாஷையில் சொன்னால் திண்ணைப் பள்ளிக்கூடம்!

இவர்கள் சொன்னதன் சாரம் இதுதான். நல்லது, கெட்டது என்று உண்மையில் சொல்லத்தக்கது நம் குணமும் நாம் எடுக்கும் முடிவும் மட்டுமே. பணம், பதவி, ஊர், பேர், உடம்பு எல்லாம் வரும், போகும். வந்தால் வைத்துக்கொள்ளலாம், போனால் அதனால் நாம் கெட்டவர்களாகிவிட மாட்டோம். பின்னாளில் அடிமையாக இருந்து ஆசிரியரான எபிக்டெட்டஸ், சக்கரவர்த்தியாக இருந்த மார்க்கஸ் அரேலியஸ் இருவரும் இதே பள்ளிதான். அடிமைக்கும் அரசனுக்கும் ஒரே சிலபஸ்!

பேப்பரில் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால், பேரனைப் பறிகொடுத்து, மகனைப் பிரிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் போய் ‘இதெல்லாம் வெளி விஷயம்’ என்று சொல்ல முடியுமா? இதுதான் செனெகாவுக்கு வந்த நிஜமான பரீட்சை.

ஏன் லேட்டா எழுதினார்?

நாடு கடத்தப்பட்ட உடனே அவர் எழுதவில்லை. கொஞ்ச காலம் கழித்துத்தான் எழுதினார். எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் சொல்கிறார். நோய் முற்றிக்கொண்டு வரும் நேரத்தில் அவசரப்பட்டு மருந்து கொடுத்தால் கெடுதல் அதிகம். துக்கமும் அப்படித்தான், அது தானே கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருந்தேன் என்கிறார். யோசித்துப் பாருங்கள்... துக்கம் நடந்த மறுநாளே ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று மெசேஜ் தட்டுகிற நமக்கு இது தேவைப்படுகிற பாடமா, இல்லையா?

இன்னொரு காரணமும் இருந்தது. அவரே அடிபட்டுக் கிடந்தார். தன் காயத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, தவழ்ந்து வந்து, உங்கள் காயத்துக்குக் கட்டுப்போட முயல்கிறவன் மாதிரி இருந்தேன் என்ற அர்த்தத்தில் எழுதுகிறார். ஆறுதல் சொல்லிப் பெரியவர்கள் எழுதிய புத்தகங்களையெல்லாம் புரட்டியும் பார்த்திருக்கிறார். வீட்டார் யாரை நினைத்து அழுகிறார்களோ அவனே உட்கார்ந்து வீட்டாருக்கு ஆறுதல் எழுதியதாக ஒரு உதாரணமும் கிடைக்கவில்லையாம். மாடல் கொஸ்டின் பேப்பர் இல்லாத எக்ஸாம்!

இந்தக் கடிதம் மற்ற ஆறுதல் கடிதங்களிலிருந்து வித்தியாசப்படுவது இங்கேதான். இங்கே ஆறுதல் சொல்பவர் கரையில் நிற்கவில்லை. அவரும் தண்ணீருக்குள்தான் இருக்கிறார்.

முதல் பாதி: மகனின் கதை

முதலில் அம்மாவின் பயத்தைக் கையில் எடுக்கிறார். ‘என் பையன் அங்கே எப்படிக் கஷ்டப்படுறானோ?’ இது எல்லா அம்மாவுக்கும் உள்ள பயம்தானே!

நாடு கடத்தல் என்றால் என்ன? இடம் மாறுவது. அவ்வளவுதானே என்கிறார் செனெகா. ரோம் நகரத்துக் கூட்டத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள். வேலைக்கு, படிப்புக்கு, வியாபாரத்துக்கு, ஆசைக்கு என்று வந்தவர்கள். சரி, நானிருக்கும் இந்தப் பாறைத் தீவில்? வறண்ட நிலம், கரடுமுரடு, உடம்புக்கு ஒத்துவராத காற்று. இங்கேகூட உள்ளூர்க்காரர்களைவிட வந்தேறிகள்தான் அதிகம். கிரேக்கர்கள் வந்தார்கள், லிகூரியர்கள் வந்தார்கள், ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள் என்று தீவின் சரித்திரத்தையே சொல்கிறார்.

அதில் ஒரு சின்ன விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. தீவு மக்கள் போடும் தொப்பியும் செருப்பும் வட ஸ்பெயினின் கான்டாப்ரியர்கள் போடுவது போலவே இருக்கிறது, சில வார்த்தைகளும் அங்கே பேசுவதுதான் என்று குறித்துவைக்கிறார். ஸ்பெயினில் பிறந்த மனுஷன், யாருமில்லாத தீவில், எதிரே வருகிறவர்களின் செருப்பில் சொந்த மண்ணைத் தேடியிருக்கிறார்! அவர் சொல்லவந்தது ஜனங்கள் காலங்காலமாக இடம் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்ற தத்துவம். ஆனால், ஊர் ஏக்கம் என்பது என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்த வரியில் வேறொன்றும் கேட்கும்.

எங்கே போனாலும் இரண்டு விஷயம் நம்மோடு வரும் என்பது அவர் வாதம். ஒன்று, எல்லோருக்கும் பொதுவான இயற்கை. இன்னொன்று, நம் சொந்த குணம். இதே வானம், இதே நிலா, இதே நட்சத்திரங்களை அண்ணாந்து பார்க்க முடிகிறவரை, என் கால் எந்த மண்ணில் நின்றால் என்ன என்று கேட்கிறார்.

ஏழ்மை? உடம்புக்குத் தேவையானது ரொம்பக் கொஞ்சம் என்று சொல்லிவிட்டு, அபிசியஸ் என்ற சாப்பாட்டுப் பிரியரின் கதையை எடுத்துவிடுகிறார். விருந்து விருந்தாகச் சொத்தைக் கரைத்த அந்த ஆள் ஒருநாள் கணக்குப் பார்த்தார். கையில் மிச்சம் 1 கோடி செஸ்டர்ஸ் காசு. ஐயையோ, இதை வைத்துக்கொண்டு பட்டினியல்லவா கிடக்க வேண்டும் என்று விஷம் குடித்துவிட்டார்! அவமானம்? சாக்ரடீஸ் ஜெயிலுக்குள் நுழைந்தபோது ஜெயிலின் கேவலம்தான் நீங்கியதே தவிர சாக்ரடீஸுக்குக் கேவலம் வரவில்லை என்கிற மாதிரி வாதாடுகிறார். சீசரை எதிர்த்ததால் லெஸ்போஸ் தீவில் கிடந்த மார்செல்லஸ் என்பவரைப் பார்க்கப் போன புரூட்டஸ், திரும்பும்போது தானே நாடு கடத்தப்படுகிறவன் போல உணர்ந்தாராம். அதையும் அம்மாவுக்குச் சொல்கிறார்.

கவனித்தீர்களா? சோகத்தில் இருக்கும் அம்மாவுக்கு எழுதும்போதும் நடுநடுவே கதை. நம்ம வீட்டில் அக்கம்பக்கத்துக் கதை பேசி அம்மாவைச் சிரிக்க வைப்போமே, அந்த மாதிரி!

இரண்டாம் பாதி: அம்மாவின் கதை

அடுத்துத்தான் கஷ்டமான பகுதி. மகன் நன்றாகவே இருக்கட்டும். பக்கத்தில் இல்லையே! அம்மாவுக்கு அந்த வெறுமைதானே வலி?

அதை அவர் மறைக்கவில்லை. நீங்கள் என்னோடு உட்கார்ந்து படித்த பொழுதுகள், நாம் பேசிய பேச்சுகள், உங்களைப் பார்த்தாலே எனக்கு வரும் சின்னப் பையன் குதூகலம்... இதையெல்லாம் இழந்துதான் தவிக்கிறீர்கள் என்று அவரே எடுத்துச் சொல்கிறார். நாற்பது தாண்டிய மனுஷன் அம்மாவைப் பார்த்ததும் சின்னப் பையனாகிவிடுவாராம். கல் மனசு கோச்சிங் கிளாஸ் ஆட்களே, நோட் பண்ணுங்க!

துக்கமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. பிரியமானவர்கள் போனால் எல்லையில்லாமல் அழுதுகொண்டே இருப்பதும் சரியில்லை. ஒன்றுமே தோன்றாமல் இருப்பது மனுஷத்தன்மையே இல்லை. ஏக்கம் வரட்டும், அது நம்மை ஆளாமல் நாம் அதை அடக்கி வைப்போம் என்பதுதான் அவர் சொல்லும் நடுவழி. நம்ம ஊரில் பல வீடுகளில் 16-ஆம் நாள் காரியத்தோடு துக்கத்துக்கு ஒரு கோடு போடுவார்கள் இல்லையா? ரோமானிய முன்னோர்கள் கணவனை இழந்த பெண்ணுக்குப் பத்து மாதம் என்று வைத்திருந்ததை அவரும் நினைவுபடுத்துகிறார். துக்கத்தைத் தடுக்க வைத்த விதி இல்லையாம், ஓர் எல்லை போட வைத்த விதியாம்.

பிள்ளைகளை இழந்தும் நிமிர்ந்து நின்ற கொர்னீலியா, நாடு கடத்தப்பட்ட மகன் கோட்டாவின் பின்னாலேயே கிளம்பிப் போய் அவனோடு இருந்த ரூடீலியா என்று இரண்டு அம்மாக்களை உதாரணம் காட்டுகிறார். ‘பொம்பளை மனசு, அழத்தான் செய்யும்’ என்ற சலுகை உங்களுக்குப் பொருந்தாது என்கிறார். இந்தப் பகுதியைப் படிக்கும் இன்றைய பெண்களுக்குக் கோபம் வரலாம், நியாயம்தான். ஆனால், அடுத்து அவர் சொல்வதைக் கேளுங்கள். அப்பா பழங்காலத்து ஆள், உங்களை முழுசாகத் தத்துவம் படிக்க விடவில்லை. கொஞ்சம் கற்றுக்கொள்ள மட்டும் விட்டார். அவர் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கலாமே என்று செத்துப்போன அப்பாவைப் பற்றி அம்மாவிடம் ஆதங்கப்படுகிறார். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள் என்கிறார். 2,000 வருஷத்துக்கு முன்னால், பேரன் பேத்தி எடுத்த ஒரு பெண்ணிடம், மறுபடியும் படியுங்கள் என்று மகன் சொல்கிறார்!

‘ஒரு டூர் போயிட்டு வாங்க’, ‘வேலையில மனசைத் திருப்புங்க’ என்று நாம் வழக்கமாகத் தரும் ஐடியாக்களை அவர் ஒதுக்குகிறார். துக்கத்தை ஏமாற்றினால் அது ஓய்வெடுத்துவிட்டுப் புது பலத்தோடு திரும்பி வரும். ஏமாற்றாதீர்கள், எதிரே நின்று ஜெயியுங்கள் என்கிறார்.

அம்மாவுக்கு ஒரு கைப்பிடி

எதிரே நிற்பதற்குத் தெம்பு வேண்டுமே? அதற்கு ஒவ்வொரு ஆளாகக் கைகாட்டுகிறார்.

என் இரண்டு சகோதரர்களைப் பாருங்கள். ஒருவர் பதவியில் உயர்ந்தவர். அவரால் உங்களுக்குப் பெருமை. இன்னொருவர் பதவியை ஒதுக்கி அமைதியாக இருப்பவர். அவரால் உங்களுக்குத் துணை. குட்டிப் பையன் மார்க்கஸைத் தூக்கிக்கொள்ளுங்கள். அவன் பேச்சைக் கேட்டால் எந்த சோகமும் நிற்காது. அம்மாவை இழந்த பேத்தி நோவாட்டில்லாவை மடியில் வைத்து வளர்த்து ஆளாக்குங்கள். உங்கள் அப்பா இன்னும் இருக்கிறார், அவருக்காக நீங்கள் வாழ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, பெரியம்மாவோ சித்தியோ, ஹெல்வியாவின் சகோதரி. செனெகாவைக் குழந்தையாகக் கையில் ஏந்தி ரோமுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். நெடுநாள் நோயில் கிடந்தபோது தாயாக நின்று தேற்றியவர். கூச்ச சுபாவம் உள்ளவர். ஆனாலும், பையனுக்கு முதல் பதவி கிடைக்க வேண்டும் என்று நாலு பேரிடம் போய்ப் பேசினார். இவருடைய கணவர் 16 வருஷம் எகிப்தின் கவர்னர். ஊர் திரும்பும் வழியில் கணவர் கப்பலிலேயே இறந்துவிட, புயலில் கப்பலும் சிதைந்துவிட, உயிர் பிழைக்க ஓடாமல் கணவரின் உடலைக் கரை சேர்த்தவர் இவர். இவர் தோளில் சாய்ந்துகொள்ளுங்கள் என்று அம்மாவை ஒப்படைக்கிறார் செனெகா.

இதைப் படித்தபோதுதான் எனக்கு இந்தக் கடிதத்தின் சூட்சுமம் புரிந்தது. டூரை வேண்டாம் என்றவர் புத்தகத்தையும் பேத்தியையும் ஏன் சொல்கிறார்? டூர் துக்கத்தை மறக்கடிக்கும். பேத்தியை வளர்ப்பது மறக்கடிக்காது. ஆனால், காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் தரும். தீவில் இருப்பவரால் அம்மாவின் பக்கத்தில் உட்கார முடியாது. அதனால், உட்காரக்கூடியவர்கள் யார் யார் என்று பேர் சொல்லிக் காட்டுகிறார்.

பெட்டிக்குள்: ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள்

சிசெரோ: ரோமின் நம்பர் ஒன் பேச்சாளர். கி.மு. 58-ல் நாடு கடத்தப்பட்டு அடுத்த வருஷமே திரும்பினார். அந்தக் காலத்தில் மனைவிக்கும் நண்பருக்கும் அவர் எழுதிய கடிதங்கள் கண்ணீர் மயம்.

ஓவிட்: கவிஞர். கி.பி. 8-ல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி கருங்கடல் ஓரத்து டோமிஸுக்கு அனுப்பினார். இன்று அது ருமேனியாவின் கான்ஸ்டன்ட்டா. ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இறந்தார்.

முசோனியஸ் ரூஃபஸ்: எபிக்டெட்டஸின் குரு. கி.பி. 65-ல் நீரோ இவரை கியாரோஸ் என்ற வறண்ட தீவுக்குத் துரத்தினார். நாடு கடத்தல் ஒரு தீமையே இல்லை என்று வாதிடும் இவருடைய உரை இன்றும் கிடைக்கிறது.

கோர்சிகாவில் இன்று: இப்போது பிரான்ஸைச் சேர்ந்த தீவு. வடக்கே லூரி என்ற ஊருக்குப் பக்கத்தில் மலை மேல் ‘செனெகா கோபுரம்’ இருக்கிறது. பெயர்தான் அவருடையது, கோபுரம் கட்டப்பட்டது அவர் இறந்து பல நூறு வருஷம் கழித்து!

ஆனால், பாஸ்...

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் செனெகா ஹீரோ. ஆனால், அப்புறம் நடந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மாவுக்கு ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று எழுதிய அதே மனுஷன், கொஞ்ச காலத்தில் கிளாடியஸின் அரண்மனை அதிகாரி பாலிபியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாலிபியஸின் தம்பியோ அண்ணனோ இறந்திருந்தார், அதற்கு ஆறுதல். ஆனால், உள்ளே கிளாடியஸுக்கு மூட்டை மூட்டையாக ஐஸ்! என்னைத் திரும்பக் கூப்பிடுங்களேன் என்ற கெஞ்சல் வரிக்கு வரி தெரிகிறது. தீவு பேச்சைக் கேட்டுக் கேட்டு என் லத்தீனே துருப்பிடித்துவிட்டது என்று வேறு புலம்புகிறார். அதே வானம், அதே நட்சத்திரம் என்றது எங்கே போச்சு?

கடைசியில் கி.பி. 49-ல் கிளாடியஸின் புது மனைவி அக்ரிப்பினா அவரைத் திரும்ப வரவழைத்தார். தன் மகன் நீரோவுக்குப் பாடம் சொல்லித்தர. எட்டு வருஷத் தீவு வாசம் முடிந்தது. நீரோ சக்கரவர்த்தி ஆனதும் செனெகாவிடம் பெரும் சொத்து குவிந்தது. கி.பி. 65-ல் அதே நீரோ, சதியில் பங்கு என்று சொல்லி, தற்கொலை செய்துகொள்ளக் கட்டளையிட்டார். அதே வருஷம் அதே கட்டளைக்கு கவிஞர் லூகனும் பலியானார், வயது 25. பாட்டியின் மடியில் விளையாடிய குட்டி மார்க்கஸ்தான் இந்த லூகன் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பதவியில் உயர்ந்த அண்ணன் யார் தெரியுமா? பைபிளில் புனித பவுலின் வழக்கை விசாரிக்க மறுத்து அனுப்பிய கல்லியோன்!

அப்படியானால், அம்மாவுக்கு எழுதியது பொய்யா? நாம் ஹாஸ்டலிலிருந்து விடும் அதே ரீல்தானா?

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கடிதத்திலேயே அவர் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நான் ஞானி கிடையாது. ஞானிகள் சொன்னதைக் கடன் வாங்கித்தான் நிற்கிறேன் என்று. வயதான பிறகு நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சாவுக்கு ரொம்ப அழாதே என்று அவருக்கு புத்திமதி சொல்லிக்கொண்டே வந்தவர், தன் இளைய நண்பர் செரீனஸ் இறந்தபோது தானே அளவில்லாமல் அழுதுவிட்டதாகவும், துக்கத்திடம் தோற்றவர்கள் வரிசையில் தானும் ஓர் உதாரணமாகிவிட்டதாகவும் எழுதுகிறார். இவன் எனக்கு முன்னால் போகக்கூடும் என்று நினைத்தே பார்க்கவில்லை, அதுதான் காரணம் என்று சேர்த்துக்கொள்கிறார்.

என் கணக்கு இதுதான். செனெகா ஜெயித்தாரா என்று கேட்டால், பல இடத்தில் ஃபெயில். ஆனால், தனக்கே முழுசாகக் கைவராத தைரியத்தை அம்மாவுக்காகத் தேடி எடுத்துக் கொடுத்தாரே, அது நிஜம். நாம் முழுசாகத் தெளிந்த பிறகுதான் அடுத்தவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்றால் உலகத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது.

நமக்கு என்ன?

இந்தப் பழைய சரக்கு இன்று எங்கே உதவுகிறது என்கிறீர்களா? 1950-களில் ஆல்பர்ட் எல்லிஸ், அவரைத் தொடர்ந்து ஆரோன் பெக் என்ற இரண்டு அமெரிக்க நிபுணர்கள், நம் எண்ணத்தை நாமே சோதித்துப் பார்த்து மனத்துயரைக் குறைக்கும் சிகிச்சை முறைகளை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுக்க கவுன்சலிங் அறைகளில் பயன்படும் முறைகள் அவை. இருவருமே தங்கள் யோசனைக்கு ஸ்டோயிக்குகள் ஒரு வேர் என்று சொன்னவர்கள்.

அதற்காக, துக்கத்தில் இருக்கும் ஃப்ரெண்டிடம் போய் ஸ்டோயிக் லெக்சர் அடிக்காதீர்கள். ஹெல்வியாவுக்கு அவருடைய மகன் செய்ததை மட்டும் செய்யுங்கள். என்ன இழந்தான் என்பதைப் பேர் சொல்லிப் பேசுங்கள், மூடி மறைக்காதீர்கள். அழுவதற்குத் தடை போடாதீர்கள். ‘உனக்கு யாரு இருக்கா?’ என்று கேட்காமல், யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்களே எடுத்துக் காட்டுங்கள். பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வேலை, ஒரு தங்கச்சி, பாதியில் விட்ட ஒரு படிப்பு... ஏதாவது ஒரு கைப்பிடி. அதற்கும் மேலே, சாப்பாடு தூக்கம் போய், உயிர்மேல் வெறுப்பு வந்து தவிக்கிறான் என்றால் தத்துவத்தை ஓரம் வைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம்தான்.

கடிதத்தின் கடைசி அத்தியாயத்தில் செனெகா ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறார். என்னதான் எழுதினாலும் உங்கள் நினைப்பு திரும்பத் திரும்ப என்னிடம்தான் வரும். மற்ற பிள்ளைகள் மேல் பாசம் குறைவு என்பதால் அல்ல, உடம்பில் வலிக்கிற இடத்துக்குத்தானே கை அடிக்கடி போகும் என்கிறார். அதனால், நினைக்கும்போது என்னைச் சந்தோஷமாக இருப்பவனாக நினைத்துக்கொள்ளுங்கள். மனசு லேசாக, படித்துக்கொண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டும் இருப்பவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறார்.

உங்கள் கிளாஸில் சமீபத்தில் வீட்டில் ஒருவரை இழந்த யாராவது இருப்பார்கள். முதல் வாரம் எல்லோரும் போயிருப்பீர்கள், மாலை போட்டிருப்பீர்கள், ஸ்டேட்டஸ் வைத்திருப்பீர்கள். இப்போது ரெண்டு மாசம் ஆகியிருக்கும். கூட்டம் கலைந்திருக்கும். லேட் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். செனெகாவும் லேட்டாகத்தான் எழுதினார். இன்று ராத்திரி மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்ததும் ஒரு போன் போடுங்கள்.